நான் அடைத்த கன்றுக் கொட்டகை

காற்றுக்காகச் சம்பளம் வாங்கியவன் நான். கடற்கரையோரம், சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வரும் அணு ஆராய்ச்சி வளாகத்தில், காற்றோட்டப் பிரிவில் டெக்னீஷியன். உள்ளே விஞ்ஞானிகள் என்ன ஆராய்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டார்கள். எந்த அறையில் காற்று மணிக்கு எத்தனை தடவை மாற வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

எங்கள் பிரிவில் வேலை இரண்டே இரண்டுதான். கண்ட இடத்தில் காற்று கசியாமல் அடைப்பது ஒன்று. உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, வடிகட்டி, வெளியே தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதை மோட்டார் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கசிவு ஆள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கதவிடுக்கு, குழாய் இடுக்கு என்று காட்டிக்கொண்டே போவேன். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே ஓட்டை. இதற்கென்று கருவி ஒன்று இருந்தது. இருந்தாலும் எனக்கு ஊதுபத்திதான் கைக்குப் பழக்கம். பூசாரி என்று கேன்டீனில் பெயர் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி, கடல் தெரியும் ஜன்னல். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்டாள். அத்தோடு குவார்ட்டர்ஸ் முடிந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடலுக்குப் போகும் சாலையில் அவள் ஊர். மாமனார் வீட்டுக்குப் பக்கத்து மனையில் ஓட்டு வீடு போட்டுக்கொண்டு குடியிருந்தோம். நான் செங்கல்பட்டில் ரயில்வே காலனியில் வளர்ந்தவன். பால் என்பது டிப்போவில் தோன்றும் திரவம் என்று இருபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாடு அவளோடு கல்யாணத்தில் வந்தது. அவள் அம்மா கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பியது. அடுத்த வருஷமே அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் மாட்டைப் பற்றி எதுவும் தப்பாகப் பேச அந்த வீட்டில் எனக்கு அனுமதி கிடையாது. மாடு பாட்டுக்கு மூன்று ஈற்றும் காளைக் கன்றாகவே போட்டது. சினை ஊசி போடுகிறவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று மனைவி நினைத்தாள். அவர் சைக்கிள் தெருவில் வந்தாலே கதவைச் சாத்துவாள். நான்காவது தடவை, நல்ல ஐப்பசி மழையில், கிடேரிக் கன்று விழுந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஈற்று கஷ்டமாகப் போனதில் மாட்டுக்கு இனிமேல் சினை பிடிக்காது என்று கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, அவள் அம்மா கொடுத்த மாட்டின் வம்சம் அந்த ஒரு கன்றின் தலையில் வந்து நின்றது.

"இது தங்கணும்ங்க. இது போச்சுன்னா எங்கம்மா வூட்டு மாடுன்னு சொல்ல ஒண்ணும் கெடையாது," என்றாள்.

அவள் என்னிடம் ஒன்றைக் கேட்பது அபூர்வம். எனக்கு வீரம் வந்துவிட்டது.

கொட்டகை கீற்று வேய்ந்தது. மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே திறப்பு. வடகிழக்குப் பருவக் காற்று கடலிலிருந்து கிளம்பி நேராக எங்கள் கொட்டகைக்குள் வந்துதான் மூச்சு வாங்கும். காற்று பட்டால் கன்றுக்குச் சளி பிடிக்கும் என்று ஊரே சொன்னது. காற்றா? காற்றைப் பற்றி என்னிடமா? செங்கல்பட்டு கடைத்தெருவுக்குப் போய் நீலத் தார்ப்பாய் ஒரு சுருள், மூங்கில் பட்டை, ஆணி, ஒட்டும் டேப் எல்லாம் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடைத்தேன். தார்ப்பாய் ஓரத்தை மடித்து, பட்டை வைத்து, ஜாண் இடைவெளிக்கு ஓர் ஆணி. கீற்றும் சுவரும் சேரும் இடத்தில் சாக்கைச் சுருட்டித் திணித்தேன். வாசலுக்கு இரட்டைப் படுதா. முடித்துவிட்டு உள்ளே நின்று காது கொடுத்தேன். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துளி காற்று இல்லை. ஆபீஸில் பத்து வருஷத்தில் யாரும் என் வேலையைப் பாராட்டியதில்லை. அன்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"உங்க ஆபீஸு மாதிரியே கீது மாப்ள. கொசு உள்ள வரணும்னாகூட பாஸ் வாங்கணும்," என்றார்.

கொசுவுக்குத்தான் மூட்டமும் போட்டோம். மாலையானால் வேப்பிலையும் நொச்சியும் வறட்டியும் போட்டுப் புகை மூட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். திறந்த கொட்டகையில் அந்தப் புகை அரை மணியில் ஓடிவிடும். என் கொட்டகையிலிருந்து அது எங்கே ஓடும்? மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தது. கூடவே மாட்டு மூத்திர நெடி, ஈர வைக்கோல் ஆவி, ஒரு தாய், ஒரு கன்று. உள்ளே போனால் கண் கரித்தது. நல்ல கதகதப்பு என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் கன்று இருமியது. கிழவர்கள் இருமுவதுபோல, லொக், லொக் என்று, கழுத்தை நீட்டிக்கொண்டு. மூக்கில் தண்ணீராக ஒழுகியது இரண்டு நாளில் கெட்டியாகி மஞ்சளானது. காது தொங்கிவிட்டது. மடியில் முட்டுவதை நிறுத்தியது. படுத்துக்கொண்டு வயிற்றால் மூச்சு விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கோ காற்று கசிகிறது என்று முடிவு செய்து, படுதாவின் அடியில் இன்னொரு சாக்கைப் போட்டு அமுக்கினேன்.

ஊர் வைத்தியம் வரிசையில் நின்றது. விலா எலும்பில் சூடு போடலாம் என்றார் மாமனார். அதை நான் தடுத்துவிட்டேன். அந்த மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். திருஷ்டி என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். திருப்போரூர் முருகனிடமிருந்து விபூதி வந்து நெற்றிப் பொட்டின் மேலேயே பூசப்பட்டது. மனைவி வெற்றிலை, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி, கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினாள். அது திமிறியது, பாதி மூக்கு வழியாக வந்தது. மறுநாள் காலை அது எழுந்திருக்கவே இல்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன்.

டாக்டர் இளம்பெண். மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். படுதாவைத் தூக்கி உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வந்து இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனார். காய்ச்சல் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"நிமோனியா. நுரையீரல்ல கிருமி இறங்கிடுச்சு. வாயில என்ன குடுத்தீங்க?"

மனைவி கஷாயத்தைச் சொன்னாள். குழாயையும் காட்டினாள்.

"தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினீங்களா? ஏம்மா, அது தொண்டைக்குப் போகுமா நுரையீரலுக்குப் போகுமா? மூச்சு வாங்குற கன்னுக்கு இப்படி ஊத்தினா செத்தே போகும்மா. இனிமே இந்தக் குழாயைத் தொடாதீங்க."

நல்ல டாக்டர்தான், கோபம் வந்தால் மறைக்கத் தெரியாதவர். ஊசி போட்டுவிட்டு மொபெட்டுக்கு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். மனைவி உள்ளே கன்றோடு இருந்தாள்.

"சார், கஷாயம் நேத்துத்தான். இது ஒரு வாரத்து நோய்," என்றார் டாக்டர். "கொட்டகைதான் காரணம். மூத்திர நெடியும் புகையும் சேர்ந்து அதோட மூச்சுக் குழாயை அரிச்சிருக்கு. அப்புறம் கிருமி சும்மா இருக்குமா? முதல்ல அந்தத் தார்ப்பாயைப் பிரிங்க. குளிர் கன்னைக் கொல்லாது, கெட்ட காத்து கொல்லும். யார் இப்படி அடைச்சது? நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"சென்ட்ரல் கவர்மென்ட்டுங்க," என்றேன்.

அவர் போனதும், அவர் சொன்னதை நான் நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துப் போய்க் கொட்டகை நடுவில் பற்றவைத்தேன். புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போனது. மேலே போய்க் கீற்றில் முட்டி, இறங்கி, என் மூக்குக்கே வந்தது. எந்தப் பக்கமும் சாயவில்லை. இப்படி ஒரு அறையை ஆபீஸில் யாராவது கட்டியிருந்தால் ரிப்போர்ட் எழுதிக் கிழித்திருப்பேன். இங்கே கட்டியவன் நான். கன்று படுத்த இடத்திலிருந்து என்னைப் பார்த்து இருமியது.

"டாக்டரம்மா வெளியில இன்னா சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அஞ்சு நாளு ஊசி போடணும்னாங்க," என்றேன்.

மிச்சத்தை விழுங்கிவிட்டேன். ஏன் என்று இத்தனை வருஷம் கழித்தும் கௌரவமான பதில் என்னிடம் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். ஊருக்கே காட்டிப் பெருமை அடித்த கொட்டகை. காற்றோட்டத்துக்காகச் சம்பளம் வாங்குகிறவன். தார்ப்பாயை அன்றே பிரித்தேன். சாணி கழுவ வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். மூட்டத்தையும் நிறுத்தினேன், வேப்பிலை ஈரமாகக் கீது என்றேன், அவர்கள் பாஷையிலேயே. பொய்யைப் பொறுத்தவரை நல்ல உழைப்பாளியாக இருந்தேன்.

பழி எங்காவது போய் உட்கார வேண்டும் அல்லவா? மாமனார் அதற்கு இடம் காட்டினார்.

"உங்கம்மா தொட்ட மாடு செத்ததா சரித்திரம் கெடையாது. அவ கைராசி உனக்கு வர்ல," என்றார் மகளிடம். அவர் கெட்டவர் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுகிறவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் பால் பாட்டில் இருந்தது.

அன்றிலிருந்து அவள் கன்றைத் தொடவில்லை. தாயைக் கறப்பாள், பாலை என்னிடம் கொடுப்பாள், கொட்டகை வாசலோடு நின்றுகொள்வாள். "என் கை வேணாங்க. நீங்க குடுங்க," என்பாள். வைக்கோல் மாற்றுவது, மூக்கைத் துடைப்பது, ரப்பர் மாட்டிய பாட்டிலில் பால் கொடுப்பது எல்லாம் என் வேலை. தலையைத் தாழ்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் காட்டிக்கொடுத்திருந்தார். லீவ் எடுத்தேன். கன்றுக்குட்டிக்கு நிமோனியா என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போடுவாரா? மகளுக்கு நிமோனியா என்று எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து நான்கு பேர் பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஸ்கிப்பிங் கயிறு ஆடிக்கொண்டே கதவைத் திறந்தவள் என் மகள். வேறு வழியில்லாமல் அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் நோயாளியைக் காட்டினேன். அதில் மோட்டார் ஆள் ஒருவர், "நல்ல காத்தோட்டமா இருக்குப்பா," என்றார். ஆப்பிளைக் கன்று தின்னவில்லை, நாங்கள் தின்றோம்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு முன்னால் மூன்று நாள் கன்று வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தது. மனைவி அங்கே நிற்பாள், இது பார்க்கும், ஒரு சத்தம் கொடுக்கும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். கன்று பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மூடிக்கொள்வேன். நான்காம் நாளுக்குப் பிறகு கன்று வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டது. நான் வந்தால் காதை ஆட்டியது.

இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தது. இளைத்து, மூச்சில் கொஞ்சம் கரகரப்போடு, ஆனால் நடந்தது. பிழைத்துவிட்டதே, இனிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று நான் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய சமயம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து என் சின்ன மாமனார் டயர் போட்ட மாட்டு வண்டியோடு வந்து வாசலில் நின்றார். கன்றைக் கூட்டிக்கொண்டு போக மனைவி சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"இன்னா இது?" என்றேன். எனக்கே அந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"எங்கம்மா வூட்டு மாடு எங்கனா உசுரோட இருந்தா சரி," என்றாள். "என் கையில இருந்தா இதுவும் போயிடும். சித்தப்பா வூட்ல வளரட்டும்."

அழவில்லை. கயிற்றையும் தொடாமல், தூரத்தில் நின்றுகொண்டு சொன்னாள். ராகு காலம் என்றேன். மணி பத்துதான் ஆகிறது என்று சின்ன மாமனார் வாட்சைக் காட்டினார். வண்டி டயரில் காற்று குறைவு என்றேன். உதைத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் கீது என்றார். அவரும் மாமனாருமாகக் கன்றைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அது என்னைப் பார்த்துக் கத்தியது. பின்னால் கட்டிப் போட்டிருந்த தாய் பதில் கொடுத்தது.

"எறக்குங்க," என்றேன். "கஷாயத்தால வந்தது இல்ல. அவ கையால வந்ததும் இல்ல. நான் அடைச்ச கொட்டகையால வந்தது. டாக்டரம்மா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க."

மாமனார் முதல் தடவையாக வாயில் வந்ததைச் சொல்லாமல் இருந்தார். சின்ன மாமனார் மட்டும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப கன்னு வருதா, வர்லியா?" என்றார். ராத்திரியே கிளம்பி வந்த மனுஷன். அவர் கேள்வி நியாயமானது.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அதுவரை என்னை நீங்கள் என்றுதான் அழைத்து வந்தாள்.

"நீ பக்கத்துலயேதான நின்னுகினு இருந்த?" என்றாள். "எங்கப்பன் சொல்லும்போது. அது என்னைப் பாத்து கூப்டும்போது. ரெண்டு வாரம்."

திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. வண்டியருகில் போய், கன்று இறங்கும்வரை காத்திருந்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கையை நீட்டினாள். கன்று மோந்து பார்த்தது. பின்வாங்கியது. சுற்றிக்கொண்டு வந்து என் காலுக்குப் பின்னால் ஒண்டி, லுங்கி நுனியைச் சப்பத் தொடங்கியது. நான் அதை அவள் பக்கம் தள்ளினேன். அது மறுபடி என்னிடம் வந்தது.

கன்று வளர்ந்து மாடாகி, இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று ஈற்று போட்டது, மூன்றும் கிடேரிதான். வம்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் கழுத்தருகில் நின்றால்தான் பால் சுரக்கும். ஷிப்ட் பஸ் ஏழேகாலுக்கு. அதற்கு முன்னால், யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவும் கையுமாக நான் நிற்பேன். மனைவி விலாவில் நெற்றியைச் சாய்த்துக் கறப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பால் வாங்க வந்தால், "கொல்லப் பாத்தவன் மேலதான் இதுக்கு ஆசை," என்று சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மாடு என் கையை நக்கிக்கொண்டிருக்கும். தவிடு வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் குளிப்பாட்டுவதும் எல்லாம் அவள்தான். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது அவள் கையை நக்கினதில்லை.